சுகாதார வறுமைக்கு எதிரான பிரித்தானிய இளையோர் இயக்கங்கள்

சுகாதார வறுமை என்பது சோப்பு, பற்பசை, ஷாம்பு, சலவைத்தூள், கழிவறைத்தாள், மாதவிடாய் அணையாடை முதலிய அன்றாடத் தூய்மைப் பொருட்களைப் பணமின்மையால் வாங்க இயலாத நிலையைக் குறிக்கும். ஐக்கிய இராச்சியத்தில் 2014 ஆம் ஆண்டு முதல் இந்நிலைக்கு எதிராகப் பல மக்கள் இயக்கங்கள் தோன்றின. அவற்றுள் குறிப்பிடத்தக்க சில, பள்ளி, கல்லூரி மாணவியராலும் பிற இளையோராலும் தொடங்கப்பட்டவை. இவர்களது தொடர் முயற்சிகளுக்குப் பின்னர் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2020 ஆம் ஆண்டு முதல் அணையாடைகள் இலவசமாக வழங்கப்பட்டன. அவற்றின் மீதான வரி 2021 இல் நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 2022 முதல் அவற்றை விலையின்றிப் பெறுவது சட்டப்படியான உரிமை ஆயிற்று. மாதவிடாய்ப் பொருட்களைப் பொறுத்தவரை, அதுவரை நன்கொடையாக மட்டுமே கிடைத்து வந்த ஒன்றை அரசின் கடமையாக மாற்றியதே இவ்வியக்கங்களின் முதன்மையான விளைவாகும். சோப்பும் பற்பசையும் அவ்வாறு மாறவில்லை.

பெயரும் பொருளும்

வளரும் நாடுகளில் சுகாதாரக் குறைபாடு என்றால் குழாய்நீர் இல்லாமை, கழிப்பறை இல்லாமை ஆகியவையே பெரும்பாலும் கருதப்படுகின்றன. பிரித்தானியாவில் இச்சொல் வேறொரு நிலையைக் குறிக்கிறது. அங்கு வீட்டில் குழாயும் கழிப்பறையும் இருக்கும். சோப்பு வாங்கப் பணம் இராது. வாடகை, உணவு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு ஆகியவற்றைத் தள்ளிப்போட முடியாத குடும்பங்கள், வெளியார் கண்ணுக்கு உடனே தெரியாத தூய்மைப் பொருட்களிலேயே முதலில் சிக்கனம் பிடிக்கின்றன. ஒரு பற்தூரிகையைப் பலர் பயன்படுத்துதல், சலவைத்தூள் இன்றி வெறும் நீரில் துணி துவைத்தல், குழந்தையின் அரைக்கச்சையை நெடுநேரம் மாற்றாமல் விடுதல் போன்றவை இதன் வெளிப்பாடுகளாகும்.

மாதவிடாய்ப் பொருட்களை வாங்க இயலாமை தனியாக மாதவிடாய் வறுமை எனப்படுகிறது. இது சுகாதார வறுமையின் ஒரு பகுதியே எனினும், பொதுமக்களிடையே முதலில் பரவலாக அறியப்பட்டது இச்சொல்லே. இங்கு மாதவிடாய்ப் பொருட்கள் என்பது அணையாடை (நாப்கின்), உடலினுள் செருகப்படும் பஞ்சு உருளையான டாம்பன், பலமுறை பயன்படும் மாதவிடாய்க் கிண்ணம், துவைத்துப் பயன்படுத்தும் துணி அணையாடை ஆகியவற்றைக் குறிக்கும்.

பின்னணி

2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2010 இல் பொறுப்பேற்ற கூட்டணி அரசு பொதுச்செலவினங்களைக் குறைத்தது. உழைக்கும் வயதினருக்கான பெரும்பாலான அரசு உதவித்தொகைகள் 2016 ஏப்ரல் முதல் நான்கு ஆண்டுகளுக்கு உயர்த்தப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. பல்வேறு உதவித்தொகைகளை ஒன்றாக்கிய புதிய திட்டத்தில், விண்ணப்பித்தவர் முதல் தொகையைப் பெற ஐந்து வாரங்கள் அல்லது அதற்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இக்காலத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் உணவு வங்கிகள் நாடெங்கும் பெருகின. அங்கு வழங்கப்படும் பொதியில் சில நாட்களுக்கான உணவு இருக்கும். தூய்மைப் பொருட்கள் நன்கொடையாக வந்திருந்தால் மட்டுமே கிடைக்கும்.

கென் லோச் இயக்கி 2016 இல் வெளிவந்த 'ஐ, டேனியல் பிளேக்' திரைப்படம் இந்நிலையைப் பலருக்கு முதன்முதலாக எடுத்துக்காட்டியது. அதில் இரு குழந்தைகளின் தாயான ஓர் இளம்பெண், உணவு வங்கியில் அணையாடை கிடைக்காத நிலையில், கடையில் அதனைத் திருடும்போது பிடிபடுகிறாள். கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற இப்படம், பின்னர் தோன்றிய சில இயக்கங்களுக்கு நேரடித் தூண்டுதலாகவும் அமைந்தது.

டாம்பன் வரி மனு

ஐக்கிய இராச்சியத்தில் 1973 ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரி அறிமுகமானபோது மாதவிடாய்ப் பொருட்களும் அதன் கீழ் வந்தன. 17.5 விழுக்காடாக இருந்த இவ்வரி 2001 ஆம் ஆண்டு 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அன்றைய விதிகளின்படி அதற்கும் கீழே குறைக்க உறுப்பு நாடுகளுக்கு அனுமதி இருக்கவில்லை.

இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவியான லோரா கோரிட்டன் 2014 மே மாதத்தில், தமது 21 ஆம் அகவையில், இவ்வரியை நீக்கக் கோரி இணையத்தில் ஒரு மனுவைத் தொடங்கினார். உணவுப்பொருள் என்ற வகையில் முதலை இறைச்சிக்கு வரி இல்லை, பெண்களுக்கு இன்றியமையாத அணையாடைக்கு வரி உண்டு என்பது போன்ற முரண்களை அவர் சுட்டிக்காட்டினார். வரிச்சட்டத்தின் வறண்ட பட்டியல் ஒன்றைப் பொதுமக்கள் நகைத்துக்கொண்டே படிக்கும்படி செய்தது இம்மனுவின் வெற்றிக்கு ஒரு காரணம் எனலாம். கையொப்பங்கள் 3,00,000 ஐத் தாண்டின.

2015 அக்டோபரில் இவ்வரி தொடர்பாக மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்தம் 287 க்கு 305 என்ற வாக்குகளில் தோற்றது. அடுத்த மாதமே நிதியமைச்சர் ஜார்ஜ் ஓஸ்போர்ன், இவ்வரியால் கிடைக்கும் தொகையான ஆண்டுக்கு 1.5 கோடி பவுண்டைப் பெண்கள் நல அமைப்புகளுக்கு வழங்குவதாக அறிவித்தார். பெண்கள் தங்கள் உடல் சார்ந்த தேவைக்குக் கட்டும் வரியிலிருந்தே பெண்கள் நலனுக்குச் செலவிடுவது முறையா என்ற கேள்வி எழுந்தது. 2017 இல் அந்நிதியிலிருந்து 2,50,000 பவுண்டு கருக்கலைப்பை எதிர்க்கும் ஓர் அமைப்புக்கு ஒதுக்கப்பட்டபோது எதிர்ப்பு மேலும் வலுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் இடைக்காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்ததும், மறுநாளே வரி நீக்கப்பட்டது. ஆயினும் விலை எதிர்பார்த்த அளவு குறையவில்லை. டாக்ஸ் பாலிசி அசோசியேட்ஸ் என்னும் அமைப்பு 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வரி நீக்கத்தால் கிடைத்த சேமிப்பில் குறைந்தது 80 விழுக்காட்டை விற்பனையாளர்களே வைத்துக்கொண்டனர். மாதவிடாய்க் காலத்துக்கான சிறப்பு உள்ளாடைகள் ஆடை வகையில் சேர்க்கப்பட்டிருந்ததால் அவற்றுக்கு 20 விழுக்காடு வரி தொடர்ந்தது; அது 2024 சனவரி 1 இல் நீங்கியது.

லீட்ஸ் செய்தியும் சிவப்புப் பெட்டிகளும்

2017 மார்ச் மாதத்தில் பிபிசி வெளியிட்ட ஒரு செய்தி பிரித்தானியாவை அதிரச் செய்தது. வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சில மாணவியர் மாதவிடாய் நாட்களில் தொடர்ந்து பள்ளிக்கு வராததை ஒரு பள்ளி கவனித்தது. அணையாடை வாங்க வீட்டில் பணம் இல்லாமையே காரணம் எனத் தெரிய வந்தது. கழிவறைத்தாளை உள்ளாடையில் சுற்றிக்கொண்டதையும் காலுறையைப் பயன்படுத்தியதையும் பதின்ம வயது மாணவியர் வானொலியில் பெயர் கூறாமல் விவரித்தனர். பள்ளி உதவி கோரியது ஃபிரீடம் ஃபார் கேர்ள்ஸ் என்னும் தொண்டு அமைப்பிடம். அவ்வமைப்பு அதுவரை கென்யாவின் மாணவியருக்கு அணையாடை அனுப்பி வந்த ஒன்றாகும். தொலைநாட்டுப் பிரச்சினை எனக் கருதப்பட்டது தம் ஊரிலேயே இருப்பதைப் பலர் இதன் மூலமே அறிந்தனர்.

அதே ஆண்டு அக்டோபரில் பிளான் இண்டர்நேசனல் யூகே அமைப்பு, 14 முதல் 21 அகவை வரையுள்ள 1,000 பெண்களிடம் நடத்திய கருத்தாய்வின் முடிவுகளை வெளியிட்டது. அணையாடை வாங்க இயலாத நிலையில் ஒருமுறையேனும் இருந்ததாகப் பத்தில் ஒருவர் கூறினர். வாங்கச் சிரமப்பட்டதாக ஏழில் ஒருவர் தெரிவித்தனர். வேறு பொருளைக் கொண்டு சமாளித்ததாக 12 விழுக்காட்டினர் கூறினர். இவ்வெண்கள் கருத்தாய்வில் தாமே கூறியவற்றைக் கொண்டவை. பள்ளி வருகைப்பதிவேட்டில் மாதவிடாய் ஒரு காரணமாகக் குறிக்கப்படுவதில்லை என்பதால், இழந்த பள்ளி நாட்களின் எண்ணிக்கையை அதிலிருந்து பெற இயலாது.

லீட்ஸ் செய்தி வெளியான அதே மார்ச் மாதத்தில் தென்கரை நகரான போர்ட்ஸ்மத்தில் ரெட் பாக்ஸ் புராஜெக்ட் என்னும் முயற்சி தொடங்கியது. நண்பர்கள் சிலர், அக்கம்பக்கத்தாரிடமிருந்து அணையாடைகளும் புதிய உள்ளாடைகளும் திரட்டி, அவற்றைச் சிவப்பு நிறப் பெட்டியில் இட்டு உள்ளூர்ப் பள்ளிகளில் வைத்தனர். இதற்கு அலுவலகமோ பெரும் நிதியோ தேவைப்படவில்லை. ஓர் ஊரில் இருவர் முன்வந்தால் அங்கு ஒரு பெட்டி தொடங்கிவிடலாம் என்பதால் இம்முறை விரைவாகப் பிற ஊர்களுக்கும் பரவியது.

பெட்டி முறைக்கு இரு வரம்புகள் இருந்தன. நன்கொடையாளர் இல்லாத ஊரில் பெட்டியும் இல்லை. பெட்டி ஆசிரியரின் பொறுப்பில் இருந்தால், மாணவி அவரிடம் சென்று கேட்க வேண்டும். கேட்பது என்பது வீட்டில் பணமில்லை எனச் சொல்வதற்கு ஒப்பாகும். இந்த இரண்டாவது வரம்பே பின்னர் வந்த இயக்கங்களின் கோரிக்கைகளைப் பெரிதும் வடிவமைத்தது. இலவசத் திட்டம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த 2020 ஆம் ஆண்டில் ரெட் பாக்ஸ் புராஜெக்ட் தன் பணியை முடித்துக்கொண்டது. தொண்டு அமைப்பு ஒன்று தன் தேவை முடிந்ததெனத் தானே கலைந்துவிடுவது அரிய நிகழ்வாகும்.

ஃபிரீ பீரியட்ஸ் இயக்கம்

தொடக்கம்

லீட்ஸ் செய்தியைப் படித்தவர்களுள் ஒருவர் வட இலண்டனில் வாழ்ந்த 17 அகவைப் பள்ளி மாணவி அமிகா ஜார்ஜ். இவரது குடும்பம் கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்டது. 2017 ஏப்ரலில் ஃபிரீ பீரியட்ஸ் என்ற பெயரில் இணைய மனுவொன்றை அவர் தொடங்கினார்.

அம்மனுவின் முதற்கோரிக்கை அளவானது. இலவசப் பள்ளி உணவு பெறும் மாணவியருக்கு அணையாடையும் இலவசமாக வழங்க வேண்டும் என்பதே அது. இங்கிலாந்தில் அப்போது தொடக்கப்பள்ளியின் முதல் சில வகுப்புகளைத் தவிர்த்து, பிற வகுப்புகளில் குறைந்த வருமானமுடைய குடும்பத்துப் பிள்ளைகளே பள்ளியில் விலையின்றி உணவு பெற்றனர். அவர்களது பட்டியல் பள்ளிகளிடம் ஏற்கனவே இருந்ததால், புதிய விண்ணப்பமோ சோதனையோ இன்றித் திட்டத்தைச் செயல்படுத்தலாம் என்பது வாதம். நாளடைவில் கோரிக்கை விரிந்து, எல்லா மாணவியருக்கும் வழங்க வேண்டும் என்றானது. பட்டியலில் இடம்பெறும் வருமான வரம்புக்குச் சற்றே மேலிருக்கும் குடும்பங்களும் உண்டு. வீட்டில் பணம் இருந்தும் கேட்க முடியாத மாணவியரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்படும் பொருளை எடுப்பவர் ஏழை என அடையாளம் காட்டப்பட மாட்டார்.

தெருவும் நீதிமன்றமும்

2017 டிசம்பர் 20 அன்று மாலை, பிரதமர் இல்லம் அமைந்துள்ள டௌனிங் தெருவுக்கு எதிரே ஒரு போராட்டம் நடைபெற்றது. பிங்க் புரொடெஸ்ட் என்னும் இளம்பெண்கள் குழுவும் இதனை ஒருங்கிணைத்தது. சுமார் 2,000 பேர், பெரும்பாலும் இளையோர், சிவப்பு ஆடை அணிந்து கூடினர். நாடாளுமன்ற உறுப்பினர்களும் நடிகையரும் உரையாற்றினர். மாதவிடாய் குறித்த சிலேடைகளை எழுதிய பதாகைகள் இப்போராட்டத்தின் தனித்தன்மை. பொதுவிடத்தில் உரக்கப் பேசத் தயங்கும் ஒன்றை நகைச்சுவையோடு பேசியதன் மூலம் செய்தியிதழ்களின் கவனத்தை அவர்கள் பெற்றனர்.

2018 மார்ச்சில் அரசு, டாம்பன் வரி நிதியிலிருந்து 15 இலட்சம் பவுண்டை மாதவிடாய் வறுமை தொடர்பான ஒரு திட்டத்துக்கு ஒதுக்கியது. பள்ளிகளுக்கான பொதுத்திட்டம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. 2018 செப்டம்பரில் அமிகா ஜார்ஜ் கேட்சு அறக்கட்டளையின் கோல்கீப்பர்ஸ் விருதைப் பெற்றார். அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார்.

2019 சனவரியில் இயக்கம் தன் வழிமுறையை மாற்றியது. ரெட் பாக்ஸ் புராஜெக்ட், பிங்க் புரொடெஸ்ட் ஆகியவற்றுடன் இணைந்து சட்ட நடவடிக்கைக்கான பரப்புரை தொடங்கப்பட்டது. பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி ஆண், பெண் இருபாலரும் கல்வியைச் சமமாகப் பெற வழிசெய்வது அரசின் கடமை. அணையாடை இன்மையால் மாணவியர் பள்ளிக்கு வர இயலாதிருப்பது அக்கடமையில் தவறுவதாகும் என்பது இவர்களது வாதம். மனுவில் வேண்டுகோளாக இருந்தது இங்கு உரிமைக் கேள்வியாக மாறியது.

வழக்கு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும் நிலை ஏற்படவில்லை. 2019 மார்ச் 13 அன்று நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட் தமது இளவேனில் நிதியறிக்கையில், இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அணையாடை இலவசமாக வழங்கப்படும் என அறிவித்தார். பத்து அகவைக்கு முன்பே பூப்பெய்தும் சிறுமியர் உள்ளனரே என்ற கேள்வி உடனே எழுந்தது. அடுத்த மாதமே தொடக்கப்பள்ளிகளும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன.

நடைமுறை

திட்டம் 2020 சனவரி 20 அன்று தொடங்கியது. அரசு ஒரு தனியார் வழங்குநருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செலவு வரம்பு உண்டு. அதற்குட்பட்டு அணையாடை, டாம்பன், கிண்ணம் எனத் தேவையானவற்றை இணையம் அல்லது தொலைபேசி வழியாகப் பள்ளி வேண்டிப் பெறலாம். பள்ளி தானாக முன்வந்து கேட்டால்தான் பொருள் வரும் என்பதே இதன் குறை. எந்தப் பள்ளியும் கட்டாயப்படுத்தப்படவில்லை. எனவே ஃபிரீ பீரியட்ஸ் இயக்கத்தின் அடுத்த பணி, திட்டத்தில் இன்னும் சேராத பள்ளிகளைச் சேரச் செய்வதாக அமைந்தது. இடைநிலைப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை பயன்படுத்திக்கொண்டன. தொடக்கப்பள்ளிகளில் விகிதம் குறைவாகவே இருந்தது.

திட்டம் தொடங்கி இரண்டு மாதங்களில் கோவிட்-19 பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. கழிவறையில் பெட்டி இருந்தும் மாணவியர் வீட்டில் இருந்தனர். 2020 மே மாதத்தில் வெளியான பிளான் இண்டர்நேசனல் யூகே கருத்தாய்வில், பொதுமுடக்கக் காலத்தில் அணையாடை வாங்குவதிலோ பெறுவதிலோ இடர்ப்பட்டதாகப் பத்தில் மூவர் கூறினர். பள்ளியை மட்டுமே வழங்கல் மையமாகக் கொண்ட திட்டத்தின் எல்லையை இது வெளிப்படுத்தியது. திட்டம் பின்னர் அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டது.

2021 இல் அமிகா ஜார்ஜுக்கு 'பிரித்தானியப் பேரரசின் உறுப்பினர்' (எம்பிஇ) விருது வழங்கப்பட்டது. பேரரசின் பெயரைத் தாங்கிய விருதை ஏற்பதில் தமக்குத் தயக்கம் இருந்ததாகவும், இளையோரும் ஆசிய வம்சாவளியினரும் அரசியலில் மாற்றம் கொண்டுவர இயலும் எனக் காட்டவே அதனை ஏற்றதாகவும் அவர் தெரிவித்தார்.

ஸ்காட்லாந்து

ஸ்காட்லாந்தில் கல்வி, நலத்துறை ஆகியவை அதன் சொந்த நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. எனவே அங்கு இப்பிரச்சினை தனிப்பாதையில் சென்றது. 2017 சூலையில் அபர்தீன் நகரில் குறைந்த வருமானமுள்ள பெண்களுக்கான ஆறு மாத முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. 2018 ஆகஸ்டில், 52 இலட்சம் பவுண்டு செலவில் எல்லாப் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களிலும் சுமார் 3,95,000 மாணவியருக்கு இலவச வழங்கல் அறிவிக்கப்பட்டது. ஒரு நாட்டின் எல்லாக் கல்வி நிலையங்களிலும் இவ்வாறு வழங்கப்பட்டது உலகில் இதுவே முதன்முறையாகும்.

தொழிற்கட்சி உறுப்பினர் மோனிகா லெனன் இதனை ஒரு திட்டமாக விடாமல் சட்டமாக்க முயன்றார். மாணவர் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அவருக்கு ஆதரவு தந்தன. ஆண்டுச் செலவு குறித்து லெனனின் மதிப்பீட்டுக்கும் அரசின் மதிப்பீட்டுக்கும் பெரும் வேறுபாடு இருந்தது. அரசு தொடக்கத்தில் முன்வரைவை ஆதரிக்கவில்லை. 2020 தொடக்கத்தில் அந்நிலைப்பாடு மாறியது. 2020 நவம்பர் 24 அன்று சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. 2022 ஆகஸ்டு 15 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டப்படி, தேவைப்படும் எவரும் மாதவிடாய்ப் பொருட்களை விலையின்றிப் பெற உள்ளாட்சி மன்றங்கள் வழிசெய்ய வேண்டும். அவற்றைப் பெறுவது எளிதாக இருக்க வேண்டும். பெறுபவரின் கண்ணியம் காக்கப்பட வேண்டும். பல வகைப் பொருட்களிலிருந்து தெரிவுசெய்ய வாய்ப்பு இருக்க வேண்டும். வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. சிவப்புப் பெட்டியை யாரிடம் கேட்டுத் திறப்பது என்ற பழைய சிக்கலுக்குச் சட்டத்தின் வாசகமாகவே விடை எழுதப்பட்டது எனலாம். நூலகங்கள், சமூகக்கூடங்கள் ஆகியவற்றில் பொருட்கள் வைக்கப்பட்டன. அருகில் எங்கு கிடைக்கும் எனக் காட்டும் பிக்-அப் மை பீரியட் என்ற கைப்பேசிச் செயலியும் வெளியிடப்பட்டது.

நடைமுறையில் சலசலப்புகளும் நேர்ந்தன. 2022 ஆகஸ்டில் டேசைடு பகுதியில் மாதவிடாய்க் கண்ணியம் குறித்துப் பரப்புரை செய்யும் பணிக்கு ஓர் ஆண் நியமிக்கப்பட்டது கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி, அடுத்த மாதமே அப்பதவி நீக்கப்பட்டது.

வேல்சு அரசு 2018 முதல் உள்ளாட்சி மன்றங்களுக்கு இதற்கென நிதி வழங்கியது. வட அயர்லாந்தில் 2022 இல் இயற்றப்பட்ட இலவச வழங்கல் சட்டம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் பொதுமக்கள் அனைவருக்குமான இத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை.

விளையாட்டரங்கும் மருத்துவமனையும்

கிளாஸ்கோ நகரின் செல்டிக் கால்பந்துக் கழகத்தின் ரசிகைகளான மூன்று இளம்பெண்கள் 2018 இல் ஆன் தி பால் என்ற இயக்கத்தைத் தொடங்கினர். ஆட்டம் பார்க்க வரும் பெண்களுக்கு அரங்கின் கழிவறைகளில் அணையாடை விலையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது இவர்களது கோரிக்கை. கழிவறைத்தாளும் சோப்பும் எவ்வாறு கேட்காமலே வைக்கப்படுகின்றனவோ அவ்வாறே இதுவும் வைக்கப்பட வேண்டும் என்றனர். செல்டிக் கழகம் இதனை ஏற்றது. தொடர்ந்து பிரித்தானியாவின் பிற கழகங்களும் ஏற்க, எண்ணிக்கை நூறைத் தாண்டியது. நாடாளுமன்றத்தையோ வரித்துறையையோ நாடாமல், தாம் வழக்கமாகச் செல்லும் ஓரிடத்தின் நிருவாகத்திடம் மட்டும் கேட்டுப் பெற்ற வெற்றி என்பதால் இது சிறிய குழுக்களுக்கு நல்ல முன்மாதிரி ஆயிற்று.

மருத்துவமனைகளில் உள்நோயாளிகளுக்குச் சவர அலகு இலவசமாகக் கிடைத்தும் அணையாடை கிடைக்காத நிலை சில இடங்களில் இருந்தது. பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் 2018 ஆம் ஆண்டுக் கூட்டத்தில் மருத்துவ மாணவர் தரப்பிலிருந்து இது எழுப்பப்பட்டது. இங்கிலாந்தின் தேசிய நலச்சேவை 2019 மார்ச்சில் எல்லா உள்நோயாளிகளுக்கும் விலையின்றி வழங்க உடன்பட்டது. சாரணியர் அமைப்பான கேர்ள்கைடிங்கில் 14 முதல் 25 அகவை வரையுள்ள உறுப்பினர் குழுவும் இதே ஆண்டுகளில் பள்ளி வழங்கலுக்காகப் பரப்புரை செய்தது.

விமர்சனங்கள்

மாதவிடாய் வறுமை என்று தனியாக ஒன்று இல்லை, வறுமை மட்டுமே உள்ளது என்பது இவ்வியக்கங்கள் மீது வைக்கப்பட்ட ஒரு விமர்சனம். அணையாடை வாங்க இயலாத குடும்பத்துக்குத் தேவை வருமானம். ஒரு பொருளை மட்டும் இலவசமாக்குவது, உதவித்தொகைக் குறைப்பு போன்ற மூலக்காரணங்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்பர் இக்கருத்துடையோர். இதில் உண்மை உண்டு. எனினும் வருமானம் உயரும் வரை மாணவி பள்ளிக்கு வராதிருக்க வேண்டியதில்லை என்பதே இளையோர் தரப்பின் விடையாக இருந்தது.

பணமின்மை மட்டுமே காரணம் அன்று என்பது மற்றொரு கருத்து. மேற்கூறிய 2017 ஆம் ஆண்டுக் கருத்தாய்வில், மாதவிடாய் காரணமாக ஒரு முழுப் பள்ளி நாளையேனும் இழந்ததாக 49 விழுக்காட்டினர் கூறினர். அணையாடை வாங்க இயலாதவர்களைவிட இவர்கள் ஏறத்தாழ ஐந்து மடங்கினர். வலி, கறை படியும் அச்சம், பாடவேளையில் கழிவறை செல்ல அனுமதி மறுக்கப்படுதல் ஆகியவற்றை இலவச அணையாடை தீர்ப்பதில்லை. இதனால் பாடத்திட்டத்தில் மாதவிடாய்க் கல்வியை, மாணவர் உட்பட அனைவருக்கும், சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையும் இணைத்தே வைக்கப்பட்டது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 2020 செப்டம்பர் முதல் நலக்கல்வி கட்டாயமாக்கப்பட்டபோது மாதவிடாயும் அதில் இடம்பெற்றது.

அரசு 2019 இல் அமைத்த மாதவிடாய் வறுமைப் பணிக்குழு, பெருந்தொற்றின்போது 2020 இல் தன் பணியை நிறுத்தியது.

பிற தூய்மைப் பொருட்கள்

அணையாடைக்குக் கிடைத்த சட்டமும் வரி நீக்கமும் பிற பொருட்களுக்குக் கிட்டவில்லை. இத்துறையில் பணி இன்னும் நன்கொடை முறையிலேயே நடைபெறுகிறது. பியூட்டி பேங்க்ஸ், தி ஹைஜீன் பேங்க் ஆகிய இரு அமைப்புகளும் 2018 இல் தோன்றின. இவற்றுள் பின்னதைத் தொடங்கியவர் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த லிசி ஹால். 'ஐ, டேனியல் பிளேக்' படமே தம்மைத் தூண்டியதாக அவர் கூறியுள்ளார். இவை இளையோர் தொடங்கிய அமைப்புகள் அல்ல. இவற்றின் தன்னார்வலர்கள் சோப்பு, பற்பசை, சலவைத்தூள் முதலியவற்றைத் திரட்டிப் பள்ளிகளுக்கும் உணவு வங்கிகளுக்கும் காப்பகங்களுக்கும் வழங்குகின்றனர். துவைக்காத சீருடையால் பிள்ளைகள் ஒதுக்கப்படுவதைத் தவிர்க்கச் சில பள்ளிகளில் சலவை இயந்திரங்களும் நிறுவப்பட்டுள்ளன.

தி ஹைஜீன் பேங்க் 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐக்கிய இராச்சியத்தில் 31.5 இலட்சம் பேர், அதாவது வயதுவந்தோரில் 6 விழுக்காட்டினர், சுகாதார வறுமைக்கு உள்ளாகியிருந்தனர். மாதவிடாய் போல் இதற்கு ஒரு குறிப்பிட்ட பொருளோ, ஒரே வயதினரான பாதிக்கப்பட்டோரோ, போராட்டத்துக்குரிய நிறமோ இல்லை. குளிக்காத உடலைப் பற்றியும் துலக்காத பல்லைப் பற்றியும் முன்வந்து பேசுவது மாதவிடாய் பற்றிப் பேசுவதைவிடக் கடினமாகவும் இருக்கலாம். ஏனெனில் கேட்போர் அதனை வறுமை எனக் கொள்ளாமல் சோம்பல் எனக் கொள்வர். சோப்பு, பற்பசை, ஷாம்பு ஆகியவற்றின் மீது 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி தொடர்ந்து வசூலிக்கப்படுகிறது.